நாவலர் பாலபாடமும் பக்கத்தில் எழுந்த பள்ளியும்

பழுதுற்ற பொதுநிறுவனம் ஒன்றைத் திருத்துவது எவ்வாறு என்னும் வினா எழும்போதெல்லாம், அதனோடு மல்லாடிக் காலங்கழிப்பதைவிட அதன் பக்கத்திலேயே புதியதொன்றை நிறுவிக் காட்டுவதே வழி என்று அறிஞர் சிலர் கூறிவருகின்றனர். பழையது புதியதைக் கண்டு நாணித் திருந்தும். திருந்தாதாயின் மக்கள் புதியதை நாடுவர் என்பது அவர்தம் கருத்து. பினாங்கிலும் பிற இடங்களிலும் தமிழ்ப்பள்ளிகளின் நிலை பற்றிப் பேசப்படும் கூட்டங்களில் இக் கருத்து அடிக்கடி எழுகின்றது. எழும்போது சான்றாக எடுத்துக்காட்டப்பெறுபவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். பாதிரிமார் பள்ளிகளுக்கு எதிரே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவித் தமிழ்க் கல்வியைக் காத்தவர் என்று ஒரே வாக்கியத்தில் அவர் வரலாற்றைக் கூறி முடித்துவிடுகின்றனர்.

அவ் வாக்கியம் பொய்யன்று. ஆயின் முழுமையும் அன்று. நாவலர் பள்ளி எவ்வாறு எழுந்தது, எதனைச் சாதித்தது, எதனை விட்டுவிட்டது என்பவற்றை அறிவதற்கு மேடைப்பேச்சினும் சிறந்த சான்று ஒன்று உண்டு. அஃது அப் பள்ளிக்கென அவர் எழுதிய பாலபாட நூல்களே. அவற்றைச் சைவநூல்களாகப் போற்றியோரும் வசனநடைக்கு முன்மாதிரியாகப் பாராட்டியோரும் பலர். ஒரு வகுப்பறையின் கருவியாக அவற்றை வைத்து ஆராய்ந்தோர் மிகச் சிலரே. தமிழாசிரியர்க்கு வேண்டுவது அவ் வாராய்ச்சியே ஆகும்.

நாவலர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் பிறந்தார். வெஸ்லியன் மிஷனாரின் யாழ்ப்பாணப் பள்ளியில் ஆங்கிலம் பயின்றார். அப் பள்ளி தோன்றியது 1816இல். பினாங்கில் ஹட்சிங்ஸ் பாதிரியார் முயற்சியால் பினாங்கு பிரீ ஸ்கூல் தொடங்கியதும் அதே ஆண்டில்தான் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அப் பள்ளியின் ஒரு பகுதியாக நடந்த தமிழ் வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொண்டு 2016இல் இருநூறாண்டு நிறைவு கொண்டாடப்பெற்றது. கொண்டாட்டத்தின் களிப்பில் ஒன்றை மறந்தனர்: பிறர் பள்ளியின் ஓர் ஓரத்தில் இடம்பெற்ற அவ் வகுப்பு நிலைத்து நிற்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் கதை வேறு வகையாக நடந்தது. பீற்றர் பேர்சிவல் பாதிரியார் தம் மாணாக்கராகிய ஆறுமுகத்தையே ஆசிரியராக அமர்த்தி, விவிலிய மொழிபெயர்ப்புப் பணியிலும் துணைக்கொண்டார். பகலில் பாதிரியாருடன் இருந்து விவிலியத்தின் தமிழைச் செப்பம் செய்தவர், 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். 1848இல் மிஷன் பள்ளியை விட்டு நீங்கினார். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தோன்றிற்று. அடுத்த ஆண்டு சென்னை சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். வழியில் திருவாவடுதுறை ஆதீனத்தார் நாவலர் என்னும் பட்டத்தை வழங்கினர்.

இவ் வரலாற்றை நுணுகி நோக்குவோர்க்கு ஒன்று விளங்கும். நாவலர் காலத்தில் பழுதுற்றிருந்த நிறுவனம் மிஷன் பள்ளி அன்று. அது தன் நோக்கத்திற்கு ஏற்பச் செம்மையாகவே நடந்தது. பழுதுற்றிருந்தவை சைவர்தம் சொந்த நிறுவனங்கள். மடங்களுக்கு நிலபுலங்கள் இருந்தும் பிள்ளைகளுக்குப் படிப்பில்லை. கோயில்களுக்கு வருவாய் இருந்தும் நெறியான நிர்வாகம் இல்லை. திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடம் இருந்தும் பொருள் விளக்கம் குறைவு. தன் பிள்ளை எழுத்தறிந்து உத்தியோகம் பெறல் வேண்டும் என்று விரும்பிய சைவத் தந்தைக்கு மிஷன் பள்ளியன்றி வேறு புகலிடம் இல்லை. ஆதலின் நாவலர் பள்ளி எதிர்த்தது பாதிரியாரை எனினும், இடித்துரைத்தது சைவரையே என்க.

அவ்விடித்துரைப்பை நாவலர் வேறு வழிகளிலும் செய்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நடைமுறை பற்றித் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார், வழக்குமன்றமும் ஏறினார். இராமலிங்க அடிகளோடு நிகழ்ந்த அருட்பா வழக்கு 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இம் முயற்சிகளால் கோயில்கள் திருந்தின என்று சொல்லுதற்கில்லை. கண்டனங்களில் அவர் செலவிட்ட ஆற்றல் பெரிது. விளைந்த பயன் சிறிது. பள்ளியும் அச்சுக்கூடமும் நின்று பயன்தந்தன. இங்கு ஓர் இடைக்குறிப்பு. சிதம்பரத்து நடைமுறையில் நிறைவு காணாத அடிகளாரும் 1867இல் வடலூரில் சத்திய தருமசாலையும், 1872இல் சத்திய ஞான சபையும் நிறுவினார். நாவலரோ 1864இல் சிதம்பரத்திலேயே ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை அமைத்தார். ஒரே தலத்தின் குறையைக் கண்டு பக்கத்தில் புதியது கட்டிய இருவர், ஒருவரையொருவர் நீதிமன்றத்தில் சந்தித்தனர் என்பது தமிழர் வரலாற்றில் வருந்தத்தக்க பகுதி.

இனிப் பாலபாடத்தை எடுத்துக்கொள்வோம்.

முதற் பாலபாடம் எழுத்தில் தொடங்கிச் சொல்லுக்கும், சொல்லிலிருந்து சிறு வாக்கியத்திற்கும் பிள்ளையைப் படிப்படியாக நடத்திச் செல்கின்றது. இன்று இதனைக் காணும் ஆசிரியர்க்கு இதில் வியப்பு யாதும் தோன்றாது. ஆனால் அக் காலத்துத் திண்ணைப் பள்ளியில் பிள்ளை மணலில் எழுத்தெழுதி முடித்தவுடன் நேரே ஆத்திசூடிக்கும் நிகண்டுக்கும் சென்றது. சொல்லுக்கும் செய்யுளுக்கும் இடையே வசனம் என்னும் படி இல்லை. அப் படியை அமைத்தவர் நாவலர். ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து. கடினமான புணர்ச்சியைத் தளர்த்திச் சொற்களைப் பிள்ளை கண்ணாலே பிரித்தறியுமாறு அமைத்தல். நிறுத்தற் குறிகளை இட்டு வாசிப்பவன் எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்று காட்டல் ஆகியவை யாவும் வகுப்பறையில் நின்று பழகிய ஒருவரின் கைவண்ணம். பண்டிதர் ஒருவர் தம் அறைக்குள் இருந்து எழுதியிருப்பின் இவை தோன்றியிரா.

இவற்றை அவர் எங்கே கற்றார்? மிஷன் பள்ளியிலேதான். படிமுறை வாசகநூல், வகுப்புப் பிரிவு, நேர அட்டவணை, வினாவும் விடையுமாகச் சமயம் கற்பிக்கும் முறை, வாரந்தோறும் பிரசங்கம், அச்சுப் புத்தகம் இவை அனைத்தும் வெஸ்லியன் மிஷனாரின் கருவிகள். நாவலரின் சைவ வினாவிடை அமைப்பால் பாதிரிமாரின் வினாவிடைக்கு உடன்பிறப்பே. இதனைச் சொல்ல நாவலர் அன்பர் சிலர் கூசுவர். கூச வேண்டுவதில்லை. எதிரியின் ஆயுதத்தைப் பறித்தார் என்று வீரம் பேசுவதினும், நல்ல ஆசிரியர் ஒருவரிடம் நன்றாகப் பயின்றார் என்று சொல்லுதல் பொருத்தம். பேர்சிவலின் பள்ளியில் பல்லாண்டு பயின்றும் பயிற்றியும் நிற்காதிருந்தால் அவரால் முதற் பாலபாடத்தை எழுதியிருக்க இயலாது. மாற்றுப்பள்ளி அமைக்க விரும்புவோர் முதலில் பழைய பள்ளியின் உள்ளே நெடுநாள் இருந்து அதன் வேலையைக் கற்றவராயிருத்தல் வேண்டும் என்பதை இந் நூலின் ஒவ்வொரு பக்கமும் காட்டும். வெளியே நின்று குறைகூறுவோர் எழுதும் பாடநூல்கள் எப்படியிருக்கும் என்பதற்கு இந் நாட்டிலும் சான்றுகள் இல்லாமல் இல்லை.

இரண்டாம் பாலபாடம் சிறு பாடங்களால் ஆயது. அதுவும் பிள்ளையின் கைக்கு எட்டுவதே. நான்காம் பாலபாடத்திற்கு வரும்போதுதான் ஆராய்ச்சியாளன் நின்று எண்ண வேண்டியதாகின்றது. கடவுள், ஆன்மா, கொலை, புலாலுண்ணல், கள்ளுண்ணல், களவு, சூது, கல்வி என்றின்ன பொருள்கள் பற்றிய கட்டுரைகள் அதில் உள்ளன. நடை கம்பீரமானது. வாக்கியங்கள் நீண்டு, ஒன்றினுள் ஒன்று அடங்கி, இறுதியில் வினைமுற்றுக்கு வந்து நிற்கும்போது வழக்குரைஞர் தம் வாதத்தை முடித்தது போன்ற நிறைவு தோன்றும். தமிழ் வசனம் சிந்தனையைத் தாங்கும் என்று ஐயமுற்றோர்க்கு இந் நூல் ஒன்றே போதிய விடை.

ஆயினும் இது பாலர்க்கு உரிய பாடமாகுமா? முதற் பாலபாடத்தில் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்த ஆசிரியர், நான்காவதில் பிள்ளையை மறந்து அவன் தந்தையை நோக்கிப் பேசுகின்றார். புலாலுண்ணாமை பற்றிய வாதம் பத்து வயதுச் சிறுவன் எழுப்பும் ஐயங்களுக்கு விடையன்று. பாதிரிமார் எழுப்பும் ஐயங்களுக்கு விடை. வடசொற்கள் மிகுதி. ஈசுரத் துரோகம், வியபிசாரம் போன்ற சொற்களை நான்காம் ஆண்டு மாணவனுக்கு விளக்கப் புகும் ஆசிரியர், பாடத்தை விட்டுச் சொற்பொருளிலேயே காலம் கழிக்க நேரும். வடசொல் அக் காலத்து வழக்கு என்று சமாதானம் கூறலாம். எனினும் முதற் பாலபாடத்தில் அவரே எளிய சொற்களைத் தேர்ந்தவர் ஆதலின், இயலாமையால் அன்று, நோக்கம் மாறியதால் நடை மாறிற்று என்பதே உண்மை. பக்கத்தில் எழும் நிறுவனத்திற்கு நேரும் பெருங்கேடு இது. பிள்ளைக்காகத் தொடங்கியது போட்டிக்காக நடைபெறத் தலைப்படும். அதன் பாடத்திட்டத்தை எதிர்ப்பள்ளி தீர்மானிக்கத் தொடங்கும்.

போட்டியில் நாவலர் பின்பற்றாத பகுதிகளும் உண்டு. அவை இன்னும் பெரிய குறைகள். அமெரிக்க மிஷனார் உடுவிலில் பெண்கள் பள்ளியை 1824இலேயே நிறுவினர். சைவர் சார்பில் அதற்கு ஒப்பாகச் சொல்லத்தக்க கல்லூரி, பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கென அமைத்ததே ஆகும். இடைப்பட்ட 89 ஆண்டுகளில் எத்தனை சைவப் பெண்கள் எழுத்தறியாது வாழ்ந்து மறைந்தனர்! அடுத்தது சாதி. நாவலர் பள்ளியின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. மிஷன் பள்ளிகள் தயங்கித் தயங்கியேனும் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளைச் சேர்த்தன. மிஷன் பள்ளியின் நல்லனவற்றை யெல்லாம் தேர்ந்து கொண்ட நாவலர், இஃதொன்றை மட்டும் கொள்ளாது விட்டார். காலத்தின் மேல் பழி போடுவோர், அவர் காலத்திலேயே வேறு எண்ணமுடையோர் இருந்ததை மறைக்கின்றனர். யாழ்ப்பாணப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக ஒரே பலகையில் அமர்வதற்கு 1920களின் இறுதியிலும் 1930களிலும் போராட்டம் நிகழ வேண்டியிருந்தது.

மலாயாத் தோட்டங்களில் பணிபுரியும் தமிழாசிரியர் இதனை எளிதிற் கடந்து செல்லுதல் கூடாது. தோட்டத்திற்கு வந்த மக்களில் பெரும்பகுதியினரின் முன்னோர் அவ் வாயிலில் நுழைந்திருக்க முடியாது. அவர்தம் பிள்ளைகட்குப் பள்ளி கிடைத்தது எந்தப் பெரியாரின் மாற்று நிறுவனத்தாலும் அன்று. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்தல் வேண்டும் என்று விதித்ததால் கிடைத்தது. அப் பள்ளிகளில் கங்காணியும் கணக்கரும் வாத்தியாராயிருந்ததும், கொட்டகையே வகுப்பானதும் எல்லாரும் அறிந்தவையே. ஆயினும் யாரும் வெளியே நிறுத்தப்படவில்லை. மோசமான பள்ளி எல்லார்க்கும் திறந்திருந்தது. சிறந்த பள்ளி சிலர்க்கே திறந்திருந்தது. இவ்விரண்டனுள் எதனை மேலென்பது? நாவலரைச் சான்று காட்டுவோர் இவ் வினாவிற்கு விடை கூறிய பின்னரே மேலே செல்லல் வேண்டும்.

நாவலரின் பிற்கால முயற்சி ஒன்றும் ஆராயத்தக்கது. தமிழ்ப்பள்ளி மட்டும் போதாது. ஆங்கிலம் வேண்டிப் பிள்ளைகள் மீண்டும் மிஷன் பள்ளிக்கே செல்கின்றனர் என்பதை அவர் கண்டார். 1872இல் வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலையை நிறுவினார். சில ஆண்டுகளில் அது பொருளின்றி மூடப்பட்டது. நாவலர் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். அவர் எண்ணம் கைகூடியது, பின்னர்ச் சைவபரிபாலன சபையார் 1890இல் ஓர் ஆங்கிலப் பள்ளியை ஏற்று நடத்தி, அது யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தபோதே. முதல் முயற்சி வீழ்ந்ததற்கும் இரண்டாவது நின்றதற்கும் காரணம் யாது? நாவலர் பள்ளி ஒரு தனிமனிதரின் தவத்தால் நின்றது. அவர் இல்லறம் புகவில்லை. தம் காலத்தையும் பொருளையும் பள்ளிக்கும் அச்சுக்கும் ஈந்தார். தவத்தை மரபுரிமையாக விட்டுச்செல்ல இயலாது. சபை என்பது தலைவர் மாறினும் கணக்கு மாறாமல் நடப்பது. 1923இல் சு. இராசரத்தினம் முயற்சியால் எழுந்த இந்து வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் பள்ளிகளைப் பெருக்கியதும் இவ்வகையாலேயே.

இவ்வளவும் நடந்தும் மிஷன் பள்ளிகள் நாணித் திருந்தினவா? சில இடங்களில் மாணவர் குறைந்தமையால் விட்டுக்கொடுத்தன என்பது உண்மை. ஆனால் பெரிய மாற்றம், அரசு நன்கொடைக்கு விதிகள் வகுத்ததால் வந்தது. இலங்கையில் 1869இல் பொதுக்கல்வித் துறை அமைந்த பின்னரே பிற சமயப் பள்ளிகளும் உதவி கோரும் நிலை பிறந்தது. பெற்றோர் விரும்பாத சமயபாடத்தைப் பிள்ளைக்குக் கட்டாயமாக்கலாகாது என்னும் கொள்கையும் சட்டத்தால் நிலைத்ததேயன்றிப் போட்டியால் அன்று. இறுதியில் 1960-61இல் உதவிபெறும் பள்ளிகளை அரசு ஏற்றபோது மிஷன் பள்ளியும் இந்துப் பள்ளியும் பெரும்பாலும் ஒரே கூரையின்கீழ் வந்தன. அந்நாளில் நாவலர் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பாரோ, மீண்டும் ஒரு கொட்டகை போட்டிருப்பாரோ!

பினாங்கிலேயே இருவகைச் சான்றும் உள. கோயில், பள்ளிவாசல் அறநிலையங்களின் நிர்வாகம் சீர்கெட்டபோது, பக்கத்தில் வேறு கோயில் கட்டித் திருத்த எவரும் முயலவில்லை. 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி முகம்மதிய இந்து அறக்கட்டளை வாரியம் அமைந்து அவற்றைக் கைக்கொண்டது. மறுவகைக்குச் சான்று சீனருடைய சுங் லிங் பள்ளி. 1917இல் தோன்றிய அப் பள்ளி அரசு உதவியை ஏற்றுத் தேசியமாதிரிப் பள்ளியாயிற்று. 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின்னர், 1962இல் அதன் பெயராலேயே தனியார் சுங் லிங் பள்ளி தோன்றிற்று. இரண்டும் இன்றும் நடைபெறுகின்றன. இவ்வாறு நாடு முழுவதும் நின்ற தனியார் சீன இடைநிலைப் பள்ளிகளுக்கு 1975 முதல் சொந்தத் தேர்வும் உண்டு. அறுபது பள்ளிகள், ஒரு தேர்வு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் ஏற்பு ஆகியன சேர்ந்ததால் அது மாற்று நிறுவனமாயிற்று. வெறும் கட்டடமாக நின்றிருப்பின் நாவலரின் சைவாங்கில வித்தியாசாலை போலச் சில ஆண்டுகளில் மூடியிருக்கும். தமிழர்க்கு அத்தகைய இடைநிலைப் பள்ளி ஒன்றேனும் இந் நாட்டில் இல்லை. ஆறாம் ஆண்டு முடித்த பிள்ளை தேசியப் பள்ளிக்குச் சென்று, பெற்றோர் கேட்டுப் பதினைந்து பேர் சேர்ந்தால் தமிழை ஒரு பாடமாகப் படிக்கின்றது.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஆசாத், இராஜாஜி, சுப்பிரமணிய பாரதி, இராமகிருஷ்ணா என்னும் பெயர்களைப் பார்த்தாலே அவற்றுட் சில பொதுமக்கள் முயற்சியால் எழுந்தமை விளங்கும். ஒருகாலத்தில் அவையே மாற்று நிறுவனங்கள். இன்று அவற்றின் பக்கத்தில் மாலைநேரத் தனிவகுப்புகள் பெருகியுள்ளன. 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் போன்றவை பிள்ளையைப் பள்ளியினின்று பிரிக்காமல், பள்ளி விட்ட குறையை வார இறுதியில் நிரப்பின. அது துணை நிறுவனம். பகலில் பள்ளியில் விட்ட பாடத்தை மாலையில் கட்டணத்திற்குச் சொல்லும் வகுப்பு, அவ்விரு வகையிலும் சேராது. பள்ளி திருந்தினால் அதன் வருவாய் குறையும். அரசின் ஆறாம் ஆண்டுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பின்னும் இவ் வகுப்புகள் நின்றபாடில்லை.

நாவலர் நூலுக்கு மீள்வோம். பாலபாடங்களை இன்று பதிப்பிப்போர் முதலையும் நான்கையும் ஒரே வரிசையாக வெளியிட்டு, இரண்டையும் சிறுவர்க்கு உரியவை என்று முகவுரை எழுதுகின்றனர். முதற் பாலபாடத்தின் படிமுறையை எழுத்துக்கூட்டத் திணறும் முதலாண்டு மாணவர்க்கு இன்றும் பயன்படுத்தலாம். அதிலுள்ள சைவப் பகுதிகளுக்கு ஈடாகத் தோட்டத்திலும் பட்டணத்திலும் பிள்ளை காணும் பொருள்களை வைத்தாலே போதும். நான்காம் பாலபாடத்தை ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் வைத்தல் தகும். வசனத்தில் வாதம் அமைப்பது எவ்வாறு என்று பயிற்சி ஆசிரியர் அதனிடம் கற்கலாம். தாம் எழுதும் பாடம் பிள்ளைக்கோ, பிள்ளையைத் தாண்டி நிற்கும் வேறு எவர்க்கோ என்பதை வரிவரியாகச் சோதிப்பதற்கும் அதனினும் நல்ல பயிற்சிநூல் கிடைப்பது அரிது.